வேலை போன மறுநாள் கார்டு செல்லுமா?

விடியற்காலையில் திண்டிவனம் மேம்பாலத்தடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும், இந்த மாவட்டம் எதை நம்பிப் பிழைக்கிறது என்பது விளங்கிவிடும். மயிலம், ஒலக்கூர், வெள்ளிமேடுபேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, கையில் சாப்பாட்டுப் பையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். பஸ் ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போகும். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர். விழுப்புரம் மாவட்டத்தில் முண்டியம்பாக்கத்திலும் பெரியசெவலையிலும் சர்க்கரை ஆலை உண்டு. நெல் உண்டு, கரும்பு உண்டு, மல்லாட்டை உண்டு. ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம் விழ வேண்டும் என்றால் அந்த பஸ் ஏறியாக வேண்டும்.

ஐ.டி. கார்டோடு கூடவே ஒரு மருத்துவக் காப்பீடும் வருகிறது. சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ.; அதைத் தாண்டினால் கம்பெனி எடுத்துக்கொடுக்கும் குரூப் பாலிசி. வேலையை விட்டு அனுப்பும் நாளில் கேட்டிலேயே ஐ.டி. கார்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். நிலுவைச் சம்பளம் என்றைக்கு வரும், பி.எஃப். பணத்தை எப்போது எடுக்கலாம் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். ‘அடுத்த மாசம் அப்பாவுக்கு ஆஞ்சியோ பண்ணணும்னு சொல்லியிருக்காங்க, இந்தக் கார்டு அப்பவும் செல்லுமா?’ என்று கேட்பவர் குறைவு. கேட்டவருக்குத் தெளிவான பதில் கிடைப்பது அதைவிடக் குறைவு.

வேலை போன குடும்பத்துக்கு மலிவான காப்பீடு எது? இந்தக் கேள்வியோடு ஏஜென்டிடம் போனால் ஒரு பாலிசியின் பெயர் பதிலாக வரும். என் பதில் வேறு. புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே கையில் இருப்பது எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று பாருங்கள். இந்த விஷயத்தில் பணத்தைவிடத் தேதிதான் பெரிது. கணக்கு தெரியாமல் செல்லுபடியாகும் காப்பீட்டைக் கைவிட்டவர்கள், கெடு தெரியாமல் உரிமையை இழந்தவர்கள், இரண்டு வகையும் இந்தச் சாலை நெடுக இருக்கிறார்கள்.

பூட்டிய ஆலைகள்

2014 நவம்பர் 1 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்றது. அடுத்த மாதமே அதே வளாகத்தில் இருந்த ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள், வட மாவட்டக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறிப் போனவர்கள். விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்திக்கொள்வதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலை 2022-இல் ஓய்ந்தது. அந்த இடைவெளியில் நஷ்டஈடு எவ்வளவு என்பதற்கு மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை, வேலைநிறுத்தம், மறுபடி பேச்சுவார்த்தை.

அந்தச் செய்திகளில் எத்தனை நாள் சம்பளம் என்பது வந்தது, மாற்று வேலை என்பது வந்தது. குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு என்ன ஆகும் என்று ஒரு வரியைப் படித்ததாக எனக்கு நினைவில்லை. அதுவும் ஆலை மூடினால்தான் செய்தி. கான்ட்ராக்டர் மாதத்துக்கு இருபது பேரை ‘நாளையிலேருந்து வர வேணாம்’ என்று கழித்துவிடுவது எந்தப் பத்திரிகையிலும் வராது. பஸ்ஸில் இருபது சீட் காலியாகும். அடுத்த வாரம் வேறு இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

78 நாள் கணக்கு

இ.எஸ்.ஐ.யில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். வேறு யாரும் ஏமாற்றுவதில்லை, வேலை போன அன்றே அதுவும் போய்விட்டது என்று தாங்களாகவே முடிவுகட்டி விடுகிறார்கள்.

மாதம் 18,000 ரூபாய் சம்பளக்காரரிடம் இ.எஸ்.ஐ.க்காகப் பிடிப்பது 135 ரூபாய், அதாவது 0.75 சதவீதம். கம்பெனி தன் பங்குக்கு 3.25 சதவீதம், 585 ரூபாய் கட்டுகிறது. இப்படிக் கட்டும் காலத்தை ஆறாறு மாதமாக இரண்டு கூறாக்கி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கான பலன் அடுத்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு ஆறு மாதக் கூறில் குறைந்தது 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால் அதற்குரிய பலன் காலம் உங்களுடையது. நடுவில் வேலை போயிருந்தாலும் சரி.

ஒருவரை வைத்துப் பார்ப்போம். ஒரகடத்தில் இரண்டு வருஷமாக வேலை. 2025 நவம்பர் 15 அன்று நிறுத்திவிட்டார்கள். அவர் 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை கட்டிய பணம் அந்த டிசம்பர் கடைசி வரை அவரைத் தாங்கும். 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது 2026 ஜூன் 30 வரை தாங்கும். ஆக, வேலை போன பிறகும் ஏழரை மாதம் அவரும் குடும்பமும் இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம்.

இதே ஆளை டிசம்பர் 20 வரை வைத்திருந்து அனுப்பியிருந்தால் கதை இன்னும் மாறும். அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 20, மொத்தம் 81 நாள். சம்பளத்துடன் கூடிய வார விடுமுறையும் இதில் சேரும். 78-ஐத் தாண்டிவிட்டதால் 2026 டிசம்பர் 31 வரை காப்பீடு நீளும். ஐந்து வாரம் கூடுதலாக வேலை பார்த்ததில் ஆறு மாதக் காப்பீடு கூடுகிறது. கணக்குத் தீர்க்கும்போது, கடைசி நாளைப் பற்றிக் கொஞ்சமாவது பேச இடம் இருந்தால், இந்த 78-ஐ மனதில் வைத்துக்கொண்டு பேசலாம். நாலைந்து நாள் குறைகிறது என்றால் அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டியதில்லை.

கான்ட்ராக்ட் ஆட்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. பே ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. என்று பிடித்திருப்பார்கள், கட்டினார்களா என்பது தனிக் கேள்வி. இ.எஸ்.ஐ. இணையதளத்திலோ உமங் செயலியிலோ உங்கள் எண்ணைப் போட்டால் எந்த மாதம் எத்தனை நாளுக்குச் சந்தா போயிருக்கிறது என்று வரும். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் கட்ட வேண்டிய பொறுப்பு ஆலை முதலாளியுடையது என்று சட்டம் சொல்கிறது. வேலையில் இருக்கும்போதே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வெளியே வந்த பிறகு யார் வாசலில் போய் நிற்பது?

வேலை போன பெண் கர்ப்பமாக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் 70 நாள் கட்டியிருந்தால் 26 வாரப் பேறுகாலப் பணம் உண்டு. வேலையில் இல்லையே என்று இந்த மனுவைக் கொடுக்காமல் விட்டுவிடக் கூடாது. நோக்கியா காலத்துப் பெண்களில் எத்தனை பேர் பேறுகாலப் பணம் உண்டு என்று தெரிந்து வாங்கினார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இ.எஸ்.ஐ.யில் மேலும் மூன்று கதவுகள் உண்டு. ஆலை மூடல், ஆட்குறைப்பு இவற்றால் வேலை இழந்தவருக்கு ராஜீவ் காந்தி பெயரில் 2005-இல் வந்த திட்டம், உதவித்தொகையோடு அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கு மருத்துவமும் தருகிறது. 2018-இல் வந்த அடல் பெயரிலான திட்டத்தில் 90 நாளுக்குச் சராசரிச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். நிபந்தனைகளும் கடைசித் தேதியும் அவ்வப்போது மாறும், கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் இ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முதிர்ந்தோ விருப்ப ஓய்விலோ வெளியே வந்தவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவம் தொடரும். நூற்றிருபது ரூபாய், வருஷத்துக்கு. விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கும் கம்பெனிகள் அந்தத் தாளோடு இந்தத் தகவலையும் கொடுக்கலாம். கொடுப்பதாகத் தெரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பெரிய சிகிச்சைக்கென்றால் சென்னையில் அயனாவரமோ கே.கே. நகரோ போகச் சொல்வார்கள். திண்டிவனத்துக்காரருக்கு அது ஒரு நாள் பொழப்பு. ஆனாலும் டயாலிசிஸோ புற்றுநோய் மருந்தோ ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், ஏழரை மாதத்தை அலட்சியமாகத் தூக்கிப் போட முடியாது.

குரூப் பாலிசிக்காரருக்கு நோட்டீஸ் காலம்தான் நேரம்

21,000-க்கு மேல் சம்பளம் வாங்குபவருக்கு இந்த மெத்தை கிடையாது. இ.எஸ்.ஐ. உச்சவரம்பு 2017 ஜனவரியில் 15,000-இலிருந்து 21,000 ஆனது. அதற்குப் பிறகு சம்பளம் ஏறிய வேகத்துக்கு அது ஏறவில்லை. ஆகவே 22,000 வாங்கும் தொழிலாளியும் 90,000 வாங்கும் ஐ.டி. ஊழியரும் ஒரே நிலைமையில் இருக்கிறார்கள். கடைசி வேலை நாளோடு, மிஞ்சினால் அந்த மாதக் கடைசியோடு குரூப் பாலிசி முடிந்துவிடும்.

அமெரிக்காவில் கோப்ரா என்றொரு சட்டம் 1986 முதல் இருக்கிறது. வேலை போனவர் முழு பிரீமியத்தையும் கூடவே 2 சதவீதத்தையும் தானே கட்டி, அதே கம்பெனி காப்பீட்டில் 18 மாதம் தொடரலாம். கம்பெனி அவருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். விலை எக்கச்சக்கம், அதனால் பலர் எடுப்பதில்லை என்பது வேறு விஷயம். நம் ஊரில் அப்படியொரு சட்டம் இல்லை. இங்கே இருப்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தந்திருக்கும் மாறிக்கொள்ளும் உரிமை. குரூப் பாலிசியில் இருப்பவரும் அவர் குடும்பமும், அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்பப் பாலிசிக்கோ மாறக் கேட்கலாம். குரூப்பில் இருந்த வருஷங்கள், முன்பே இருக்கும் நோய்க்குக் காப்பீடு கிடைக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தின் கணக்கில் சேரும்.

நிறுவனம் உடல்நிலையைப் பரிசீலித்துத்தான் ஏற்கும், விலையையும் அது சொல்லும். ஆனால் பாலிசி உயிரோடு இருக்கும்போது கேட்டால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். வெளியே வந்து இரண்டு மாதம் கழித்து, வேறு வேலை கிடைக்கவில்லை என்று உறுதியான பிறகு கேட்டால் நீங்கள் புத்தம் புது வாடிக்கையாளர். சர்க்கரை நோய் உள்ள அம்மாவுக்கு மறுபடி மூன்று வருஷம் வரை காத்திருப்பு. நோட்டீஸ் காலத்தில் ரெஸ்யூமே அனுப்புவது எவ்வளவு அவசரமோ அவ்வளவு அவசரம் எச்.ஆரிடம் பாலிசி எண்ணும் இன்ஷூரன்ஸ் கம்பெனி மெயில் முகவரியும் வாங்கி ஒரு மெயில் தட்டுவது.

வி.ஏ.ஓ. மேஜையில்

இ.எஸ்.ஐ. முடியப்போகிறது, புது வேலை அமையவில்லை, கையில் காசும் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் பெரும்பாலான குடும்பங்கள் வந்து சேரும் இடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான். 2009 ஜூலையில் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் பெயரில் தொடங்கியது. 2012 ஜனவரி 11 முதல் ஜெயலலிதா ஆட்சியில் இன்றைய பெயர். 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. ஊரில் இன்னும் அவரவர் கட்சியைப் பொறுத்து கலைஞர் காப்பீடு, அம்மா காப்பீடு என்றுதான் சொல்கிறார்கள். ஆட்சி மாறியும் நிற்காமல் ஓடும் திட்டங்களில் இது ஒன்று என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிகிச்சை முறைகள். குடும்பம் கட்டுவது ஒரு ரூபாய்கூட இல்லை; 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் வீதம் பிரீமியம் பேசப்பட்டது. 849 ரூபாய்க்கு 5 லட்சம் காப்பீடு வெளிச்சந்தையில் எங்கே கிடைக்கும்? அரசு மொத்தமாக வாங்குவதால் வரும் விலை அது.

நிபந்தனை ஒன்று. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000. வேலையில் இருந்தவரை நம் ஒரகடத்துத் தொழிலாளி இதற்குத் தகுதியில்லை. வேலை போன பிறகு தகுதி வருகிறது, அதாவது வர வேண்டும். அதைக் காகிதத்தில் காட்டுவதில்தான் சிக்கல். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு போட்டால் அது வி.ஏ.ஓ.வுக்கும் ஆர்.ஐ.க்கும் போய் தாசில்தார் கையெழுத்தில் முடியும். வி.ஏ.ஓ. மேஜையில் பேச்சு இப்படித்தான் போகும்:

“என்னம்மா, உன் வீட்டுக்காரு கம்பெனிக்குப் போறாருல்ல? ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள்ளன்னு எப்படி எழுதறது?”

“இல்லைங்க சார், நிறுத்திட்டாங்க. மூணு மாசமா வீட்லதான் இருக்காரு.”

“லெட்டர் ஏதாவது குடுத்தாங்களா?”

“அதெல்லாம் ஒண்ணும் குடுக்கலைங்க. போன்லதான் வர வேணாம்னு சொன்னாங்க.”

“வாய்ல சொன்னா நான் எப்படிம்மா எழுதறது?”

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நாளைக்குத் தணிக்கை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆகவே காகிதத்தை நாம்தான் திரட்ட வேண்டும். பணிவிடுவிப்புக் கடிதம் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் சம்பளம் நின்றுபோனதைக் காட்டும் வங்கி பாஸ்புக் பதிவு, பி.எஃப். கணக்கில் கம்பெனி ஏற்றும் வெளியேறிய தேதி, இ.எஸ்.ஐ. பக்கத்தில் கடைசிச் சந்தா மாதம். பி.எஃப். பக்கத்தை அச்செடுத்து மனுவோடு வைத்தால் பேச்சின் தொனி மாறும். அது கம்பெனியே ஏற்றிய தகவல், நம் வாய்ப்பேச்சு இல்லை. 2024 பெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு படம் எடுத்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்று வந்ததும் ரேஷன் கார்டு, ஆதாரோடு விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் காப்பீடு. குழந்தை பிறந்து இரண்டு வருஷமாகியும் ரேஷன் கார்டில் சேர்க்காத வீடுகள் நிறைய. அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பதிவு முடிந்தால் பிளாஸ்டிக் கார்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, எண்ணை வைத்து இ-கார்டை எடுத்துக்கொள்ளலாம். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்.

இ.எஸ்.ஐ.யிலிருந்து இந்தத் திட்டத்துக்கு வருவது திண்டிவனத்தில் பஸ் மாறுவதைப் போலத்தான். இறங்கிய பிறகு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பவர் வெயிலில் நிற்க வேண்டும். ஜூன் 30-இல் இ.எஸ்.ஐ. முடிகிறது என்றால் ஏப்ரலிலேயே வருமானச் சான்றுக்கு மனு போட்டிருக்க வேண்டும்.

கார்டு இல்லாதபோது

இந்தத் திட்டம் ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்யும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் வாங்கும் பி.பி. மாத்திரைக்கு இல்லை. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் இருக்கின்றன. கம்பெனியில் இருந்தபோது தனியார் கிளினிக்கில் 300 ரூபாய் ஃபீஸ் கொடுத்துப் பழகியவருக்கு ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் நிற்பது முதல் மாதம் கூச்சமாக இருக்கும். இரண்டாவது மாதம் போய்விடும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கார்டு இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. அங்கேயும் கார்டு கேட்பார்கள். காப்பீட்டுத் தொகை மருத்துவமனைக்கு வரவாகும், அதிலிருந்து கருவி, சாதனம் வாங்க முடியும் என்பது காரணம். கார்டு இல்லை என்று பயந்துகொண்டு அரசு மருத்துவமனைக்கே போகாமல் இருப்பவர்கள் உண்டு. அந்தப் பயம் தேவையில்லை.

விபத்துக்குத் தனி ஏற்பாடு. ஜி.எஸ்.டி. சாலை ஓரம் வாழ்பவர்களுக்கு இது முக்கியம். ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தை 2021 டிசம்பர் 18 அன்று ஸ்டாலின் தொடங்கி வைத்ததே திண்டிவனத்துக்கு வடக்கே மேல்மருவத்தூரில்தான். சாலை விபத்தில் சிக்கியவருக்கு, கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த மாநிலத்துக்காரரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். ‘பேங்க்ல வருஷா வருஷம் 20 ரூபா புடிக்கறாங்க, எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு’ என்பார்கள். அது பிரதமர் பெயரில் உள்ள விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்தாலோ ஊனமானாலோ 2 லட்சம் வரை கிடைக்கும். 436 ரூபாய் பிடிப்பது ஆயுள் காப்பீடு. இரண்டையும் விட வேண்டாம், ஆனால் குடல்வால் ஆபரேஷனுக்கு இரண்டிலிருந்தும் ஒரு பைசா வராது.

கையில் கொஞ்சம் காசு இருந்தால்

விருப்ப ஓய்வுத் தொகை வந்த வீட்டை முதலில் மோப்பம் பிடிப்பவர் ஏஜென்ட். வருமான வரம்பைத் தாண்டிய குடும்பம், இ.எஸ்.ஐ.யும் முடியப்போகிறது என்றால் தனியார் பாலிசி பார்க்க வேண்டியதுதான். ஆயுள் காப்பீட்டோடு சேமிப்பையும் கலந்து கட்டித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆரோக்ய சஞ்சீவனி என்ற பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 2020 ஏப்ரல் முதல் எல்லா நிறுவனங்களும் ஒரே விதியில் விற்க வேண்டும் என்று ஆணையம் வகுத்த பாலிசி அது. விதி ஒன்று என்பதால் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதும். பில்லில் 5 சதவீதம் நம் பாக்கெட்டிலிருந்து போகும். அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் ஒரு நாளைக்கு 5,000. சென்னையின் பெரிய மருத்துவமனையில் இந்த 5,000 கண்ணில் படாது. விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு ஒத்துவரும். விலையுயர்ந்த பாலிசிகளை விளம்பரத்தில் பார்த்து இதை மட்டமாகப் பேசுபவர்கள் பெரும்பாலும் சென்னை வாடகையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் 18 சதவீத வரி மிச்சம். பழைய கணக்கில் வரி சேர்த்துச் சொன்னால் கேளுங்கள்.

இன்றைக்கு எடுத்து நாளைக்கு ஆபரேஷன் என்பது நடக்காது. விபத்து தவிர மற்றதற்கு முதல் 30 நாள் கிடையாது. கண்புரை, குடலிறக்கம் மாதிரியானவற்றுக்கு இரண்டு வருஷம். முன்பே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம். சர்க்கரை இருப்பதை மறைத்து எழுதச் சொல்லும் ஏஜென்ட் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். மருத்துவமனையில் நிற்கப்போவது நீங்கள். ஐந்து வருஷம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி தவிர வேறு காரணம் சொல்லி மறுக்க முடியாது என்ற பாதுகாப்பு 2024-இல் வந்தது.

வேலையில் இருந்தபோதே தனி பாலிசி எடுத்திருந்தவர் ஒன்றைச் செய்யக் கூடாது: விட்டுவிடக் கூடாது. வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் கருணைக் காலம் உண்டு. அதற்குள் காப்பீட்டுத் தொகையைக் குறைத்தோ மாதத் தவணைக்கு மாற்றியோ ஓட்டலாம். தாண்டிவிட்டால் இத்தனை வருஷம் கழித்த காத்திருப்பெல்லாம் முதலிலிருந்து. க்ளெய்மை மறுத்தால் நிறுவனத்துக்கு எழுதி, ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை; தபாலிலேயே புகார் கொடுக்கலாம். ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும்.

10,000-க்கும் 21,000-க்கும் நடுவில்

ஒரு பக்கம் மாதம் 10,000 என்ற கோடு, மறுபக்கம் 21,000 என்ற கோடு. நடுவில் இருப்பவர்கள்தான் அந்த கம்பெனி பஸ்களை நிரப்புகிறார்கள். வேலை இருக்கும் வரை இ.எஸ்.ஐ. வேலை போய்ச் சில மாதங்களில் அதுவும் முடியும். அதற்குள் தான் ஏழையாகிவிட்டதை வி.ஏ.ஓ.விடம் நிரூபித்திருக்க வேண்டும்.

இதை நிரூபிக்கச் சொல்வதே வீண் வேலை என்பது என் கருத்து. யாருக்கு என்றைக்குச் சந்தா நின்றது என்பது இ.எஸ்.ஐ. கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. பலன் காலம் முடியும் தொழிலாளியின் குடும்பத்தை, வருமானச் சான்று கேட்காமல் ஒரு வருஷத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டில் சேர்த்துக்கொண்டால் அரசுக்குக் கூடும் செலவு குடும்பத்துக்கு அந்த 849 ரூபாய் கணக்குதான். வருமான வரம்பு பார்க்காமல் ஒரு பிரிவினரைச் சேர்ப்பது இந்தத் திட்டத்துக்குப் புதிதும் அல்ல. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களை அப்படித்தான் சேர்த்திருக்கிறார்கள். திண்டிவனத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் கீழ்புத்துப்பட்டு முகாமில் இருப்பவர்களும் அதில் அடக்கம். நல்ல முடிவு அது.

இப்போதைய ஒப்பந்தம் 2022 ஜனவரி 11-இல் தொடங்கிய ஐந்தாண்டுக்கானது. 2027 ஜனவரியில் புதுப்பிக்கும்போது டெண்டர் ஆவணத்தில் தகுதியுள்ளவர்கள் பட்டியல் மறுபடி எழுதப்படும். வேலை இழந்த தொழிலாளி என்ற ஒரு வரியை அதில் சேர்க்கச் சொல்லி இந்த மாவட்டத்தின் எம்.எல்.ஏ.க்களும் தொழிற்சங்கங்களும் இப்போதே மனு கொடுக்கலாம்.